நீர்வள நாட்டின் அணைக்கும் விசை

ஆறுகள் வற்றிய பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளாத நாடு ஒன்று இருந்தது. நீர்வள நாடு என்று அதற்குப் பெயர். அங்கே ஆளுக்கொரு கிணறு இல்லாவிட்டாலும் வீட்டுக்கொரு மடிக்கணினி உண்டு. அரசரே கொடுத்தது. அரிசி வாங்குவதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும், பிணத்தை எரிக்க அனுமதி கேட்பதும் அதன் வழியாகத்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை அரண்மனையில் வன்பொருள் மன்றம் கூடும். அடுத்த உயர்வகை மடிக்கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மூன்று நாள் விவாதிக்கும். உயர்வகை என்றுதான் பெயர். வேறு வகை கிடையாது. ஓர் ஆண்டு, எடை குறையட்டும் என்று பென்டிரைவ் செருகும் பக்கவாட்டுத் துளைகளையெல்லாம் அடைத்தார்கள். வீட்டுக் கல்யாணப் படத்தைக்கூட யாராலும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. மறு ஆண்டு, அழகு கெடுகிறது என்று கேமராவின் மூடியை நீக்கினார்கள். பெண்கள் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி அந்தக் கண்ணை மறைத்தார்கள். பொட்டு வைத்துக்கொள்ள உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பிறகு பேட்டரியைக் கழற்ற முடியாதபடி உள்ளே வைத்து ஒட்டி, நாட்டின் ஓசைகளை அரசர் அறியும்பொருட்டு இரண்டு மைக்குகளைப் பொருத்தினார்கள்.

அந்த ஆண்டில்தான் தையல்நாயகியின் கணவர் நல்லசிவம் அடுப்படியில் நின்றுகொண்டு, "இந்த அரிசி எவ்வளவு நேரம் கொதிச்சாலும் வேக மாட்டேங்குது" என்று சொன்னார். மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். வாசலில் வைத்தே அடித்தார்கள். மகள் அல்லி கதவிடுக்கில் நின்று பார்த்தாள். எரிக்கும் அனுமதி, கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது.

அதன் பிறகு அல்லி தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். பத்தொன்பது வயது. பாத்திரம் தேய்க்கும்போதும் தலை வாரும்போதும் அந்த நால்வரின் பெயர்களையும், யார் எங்கே மிதித்தான் என்பதையும் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்வாள். தடுத்தால் மூச்சு திணறும். அவள் உதடு அசையத் தொடங்கியதுமே தையல்நாயகி பாய்ந்துபோய் மடிக்கணினியின் ஓரத்தில் இருக்கும் அணைக்கும் விசையை அழுத்தி மைக்குகளையும் சேர்த்து அணைப்பாள்; தாய் வேலைக்குப் போன நேரத்தில் அல்லியே அணைத்துக்கொள்வாள். ஒரு நாளில் மூன்று மணி நேரம் அணைத்துவைக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில்தான் மகளின் உயிர் இருக்கிறது என்று தையல்நாயகிக்குத் தெரியும்.

அவள் அரண்மனைப் பட்டறையில் மடிக்கணினி பழுது பார்ப்பவள். மன்றத்தில் மக்கள் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. மறு ஆண்டு மன்றத்துக்கும் தேர்தல் நடந்தது. வேட்பாளர் யார் என்பதை வாக்களித்து முடித்த பிறகு அறிவித்தார்கள். தையல்நாயகி.

முதல் நாள், கருவியை மெலிதாக்கும் மெலிவுத்துறையின் அமைச்சர் எழுந்தார்.

"மாட்சிமை பொருந்திய மன்றமே, அடுத்த மடிக்கணினியில் அணைக்கும் விசை எதற்கு? சூரியனுக்கு விசை உண்டா? கடலுக்கு உண்டா? அரசரின் அன்பை அணைத்துவைக்க விரும்பும் குடிமகன் யார் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தையல்நாயகி எழுந்தாள்.

"ஐயா, நான் பட்டறைக்காரி. எனக்குத் தோணினதைச் சொல்றேன். அந்த விசையைத் தங்கத்துல செஞ்சு அரசர் திருமுகத்தைப் பொறிச்சா, ஜனங்க தினம் ஒரு தடவையாவது அவரைத் தொட்ட மாதிரி இருக்கும். எடுத்துட்டா அந்தப் பாக்கியம் போயிடுமேங்க."

"அரசர் முகத்தை விரலால் அமுக்குவதா?"

"அமுக்கறதில்லீங்க ஐயா. வருடறது."

அமைச்சர் அவளை உற்றுப் பார்த்தார். "சோறு வேகலைன்னு சொன்னவன் சம்சாரம்தானே நீ? உன் பேச்சு நல்லாவே வெந்திருக்கே."

மன்றம் சிரித்தது. தையல்நாயகியும் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் சற்று நேரம் சிரித்தாள்.

தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் அமைதியாக இருக்கலாம் என்றும், அமைதி ஆதரவாகக் கொள்ளப்படும் என்றும் அவைத்தலைவர் அறிவித்தார். தங்க விசை ஒருமனதாக நிறைவேறியது.

மன்றம் முடியும்வரை உறுப்பினர்கள் அரண்மனையை விட்டு வெளியேறக் கூடாது. மூன்றாம் நாள் மாலை, கேட்புத்துறைத் தலைவர் சபாநடேசர் அவளை வாசல்வரை வழியனுப்ப வந்தார். மென்மையான மனிதர். கோபமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்களுக்கு எங்கள் துறை கடமைப்பட்டிருக்கிறது, அம்மா. நாற்பதாயிரம் பேரை உட்காரவைத்து நாடு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதி நேரம் குக்கர் விசில்தான். இனி அந்தத் தொல்லை இல்லை."

"ஏனுங்க?"

"புதுக் கருவியில் விசையை அழுத்தினால் திரை அணையும், விளக்கும் அணையும். மைக் அணையாது. அழுத்தியவர்களை மட்டும் கேட்டால் போதுமே. முன்பே தோன்றாமல் போயிற்று. நீங்கள் சொன்னதும்தான் பொறி தட்டியது." அவர் கைகூப்பினார். "முதல் கருவி உங்கள் வீட்டுக்குத்தான் என்று அரசரே சொல்லிவிட்டார். நேற்றே கொண்டுபோய் வைத்துவிட்டோம்."

அவள் ஓடவில்லை. ஓடினால் காவலர்கள் கேட்பார்கள். அரண்மனைத் தெருவைத் தாண்டும்வரை நடந்தாள், பிறகு ஓடினாள். அவளுடைய தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அவளுடையது மட்டும் திறந்திருந்தது.

உள்ளே அல்லி சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தாள். எதிரே கருத்த திரையோடு மடிக்கணினி.

"வாம்மா. நீதான் இந்த விசையைக் காப்பாத்திக் கொடுத்தியாமே, கொண்டாந்தவங்க சொன்னாங்க. மூணு மணி நேரக் கணக்கும் இனிமே இல்லியாம். நேத்துலேர்ந்து அணைச்சேதான் வெச்சிருக்கேன். அப்பாவுக்கு நடந்தது எல்லாத்தையும் சத்தமா சொல்லி முடிச்சுட்டேன்மா. இப்ப வாய் தானா மூடிக்குது. பசிக்கக்கூடச் செய்யுது."

தையல்நாயகி மகளின் முகத்தைப் பார்த்தாள். ஓராண்டாக அந்த முகத்தில் இல்லாத தெளிவு இருந்தது. அவள் மடிக்கணினியின் முன் மண்டியிட்டு, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல அதன் அருகே குனிந்தாள்.

"நான் தையல்நாயகி. நல்லசிவம் சம்சாரம். நேத்து இந்த வீட்டுல நீங்க கேட்டதுல எதையும் என் பொண்ணு பார்க்கல. அவரை அடிச்ச அன்னிக்கு அவ ஊர்லயே இல்ல. பார்த்தது நான். நான்தான் தினமும் சொல்லிச் சொல்லி அவளை ஒப்பிக்க வெச்சேன்." பிறகு அந்த நான்கு பெயர்களையும் மகள் சொல்லும் அதே வரிசையில், ஒன்றும் பிசகாமல் சொல்லத் தொடங்கினாள்.

அல்லியின் கையில் சோற்றுக் கவளம் அப்படியே நின்றது. "அணைஞ்சிருக்கும்மா அது. யார்கிட்ட பேசறே?"

"நீ சாப்பிடு கண்ணு. அம்மா இதைச் சொல்லி முடிச்சுடறேன்."