வழவழச் செருப்பின் தடம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் ஜெரமையா ரிகோட்சோ அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை பாசானியின் கணவனும், இந்த வனக்காப்பகத்தில் இருபத்து மூன்று வருடமாகத் தடம் பார்ப்பவர்களில் முதல் ஆளுமாகிய கசமுலா மலுலேகே, உங்கள் வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பதாகப் பாவித்து, இரு கையும் குவித்து மெல்லத் தட்டி வணங்கி எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் மாடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் மிகவும் சுகம். பாசானி இல்லாததால் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

அவள் அங்கே வந்து ஒன்பது நாளாகிறது. அவள் சொன்னதை மட்டும் கேட்டு நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கக்கூடும். நடந்ததை நடந்தபடி நான் சொன்னால், தப்பு யார் பக்கம் என்று உங்களுக்கே விளங்கிவிடும். அதன் பிறகு வருகிற சனிக்கிழமை டாக்ஸியில் அவளை ஏற்றி அனுப்ப உங்களுக்குத் தயக்கம் இராது.

எங்கள் விடுதியில் இருபது வருடம் தாண்டிய வேலைக்காரர்களை மனைவியோடு இரண்டு நாள் விருந்தாளியாகத் தங்க வைப்பது வழக்கம். விருந்தாளியின் சுகம் தெரிந்தால் இன்னும் நன்றாக உழைப்போமாம். கிளம்பும்போதே பாசானி சொல்லிவிட்டாள், "ருலானி அப்பா, ரெண்டு நாளைக்குத் தரையப் பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க. தடம் கிடம்னு ஒரு வார்த்தை வாயில வந்துது, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்." நானும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றுவதில் நான் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் நாள் நடந்தவை சில்லறை விஷயங்கள். அறை சுத்தம் செய்ய வந்த பெண், நானே படுக்கையை விரித்து ஆறு தலையணையையும் தட்டி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, "என் வேலை சரியில்லைன்னு மேல போய்ச் சொல்லப் போறீங்களா?" என்று அழுதாள். அப்போதுதான் வந்திறங்கிய ஒரு வெள்ளைக்காரரின் பெட்டியைப் பழக்க தோஷத்தில் தூக்கிக்கொண்டுபோய் அவர் அறையில் வைத்தேன், அவர் கொடுத்த அன்பளிப்பையும் பழக்க தோஷத்தில் வாங்கிக்கொண்டேன், இரவுச் சாப்பாட்டுக்கு அதே மனிதர் எங்களுக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது பாசானி தலையைக் குனிந்து தட்டைப் பார்த்தாள், தட்டிலோ பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தாம்பாளம் அளவு தட்டு, நடுவே கட்டைவிரல் அளவு மான் கறி, அதன் தலையில் ஒரு இலை. இலையையும் தின்றேன். போதுமா என்று பாசானி கேட்டாள், வயிறு நிறைந்துவிட்டது என்றேன்.

மறுநாள் விடியற்காலைச் சவாரிக்குத் தலைவலி என்று அவள் வரவில்லை. நான் மட்டும் ஜீப்பின் பின் இருக்கையில், மடியில் கம்பளி போட்டுக்கொண்டு, நல்ல விருந்தாளியாக வானத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ஜீப்பின் மூக்கின்மேல், தடம் பார்ப்பவனுக்கென்று இருக்கிற என் இருக்கையில், எனக்குக் கீழே வேலை செய்கிற ஃபிலேமோன் உட்கார்ந்திருந்தான். அதையும் பொறுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது, விடுதி அறைகளுக்குப் பின்னால் மணல் பாதையில், அவன் கையைத் தூக்கி ஜீப்பை நிறுத்தினான். மனிதக் காலடி. கோடு, பூ, எழுத்து எதுவும் இல்லாத வழவழ அடி. காண்டாமிருகக் கொம்புக்கு வருகிற திருடர்கள்தான் தடம் தெரியாமலிருக்கக் காலில் துணி கட்டிக்கொண்டு நடப்பார்கள் என்பது இந்தக் காட்டில் குழந்தைக்கும் தெரியும். ஃபிலேமோன் மட்டும் தலையைச் சொறிந்து, "எனக்கென்னமோ விடுதிச் செருப்பு மாதிரி தெரியுதுப்பா" என்றான்.

மச்சான், இனியும் நான் எப்படி வானத்தைப் பார்ப்பது? குதித்துவிட்டேன். ஜீப் ஓட்டிவந்த ஹென்னி, "ஐயா, நீங்க விருந்தாளி, உக்காருங்க" என்றான். "செருப்பாம் செருப்பு! தள்ளுங்கடா" என்று ரேடியோவை வாங்கி, தடத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஆண், வயது ஐம்பதுக்குமேல், நல்ல பருமன், குதிகால் நீர்யானை மாதிரி விழுகிறது, காலைத் தேய்த்து நடப்பதைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து வேலை செய்யாத சோம்பேறி, இடது தோள் சரிகிறது, கனமாக எதையோ தூக்கிப் போகிறான், பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்திருக்கிறான், ஆகவே திருட்டுப் புத்தி என்றேன். காவலர்கள் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள். நான்கு விடுதியும் வாயில் காவலும் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தன. எங்கள் வரவேற்பு மேசையில் ரேடியோவை அறைகள் வரை கேட்கும்படி சத்தமாக வைத்திருந்தது பிறகுதான் தெரியும்.

தடம் என் அறையின் பின்வாசலில் போய் நின்றது. உள்ளே பாசானி, காலில் விடுதி கொடுத்த வெள்ளைச் செருப்போடு, மடியில் மூடிபோட்ட பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் பட்டினி கிடக்கிறேன் என்று தெரிந்து, வேலைக்காரர் சமையலறைக்கு நடந்துபோய்ச் சோளக் களியும் மொப்பானிப் புழு வறுவலும் வாங்கி வந்திருக்கிறாள். விருந்தாளி தனியாக நடக்கக்கூடாது என்பதால் நின்று நின்று திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

"அந்தத் திருட்டுப் பய நான்தான்" என்றாள். "களி சூடா இருக்கு, சாப்பிட்டுட்டுச் சுடச் சொல்லுங்க."

காவலர்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தார்கள். அவள் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள், "காட்டுல இருக்கற பொட்டைச் சிறுத்தை ஒவ்வொண்ணோட காலும் தெரியுது. இருபத்தாறு வருஷமா கூட நடக்கறவ கால் தெரியலயா?"

இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். வெறுங்காலில் நடந்திருந்தால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். செருப்பு வழவழ என்றால் நான் என்ன செய்வேன்? பருமன், இடது தோள், திரும்பிப் பார்த்தது எல்லாம் அட்சரம் பிசகாமல் சரி. ஆண் என்றது ஒன்றுதான் தவறு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்கு அரை அடிதான் சறுக்கியது. ஆகவே நான் மன்னிப்புக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நானே களி கிண்டிக்கொள்கிறேன், நன்றாகவே வருகிறது. அவள் வந்தாலும் சரி, இன்னும் ஒரு மாதம் இருந்தாலும் சரி.

உங்கள் தொழுவம் பெருகட்டும், மழை காலத்தில் பெய்யட்டும், அக்காவின் முட்டிவலி இறங்கட்டும் என்று முன்னோர்களை வேண்டிக்கொண்டு, மறுபடியும் கை தட்டி வணங்கும்,

கசமுலா மலுலேகே

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு வெளியே போனேன், திரும்ப வந்து பிரித்து எழுதுகிறேன். அன்று வீடு திரும்பிய கையோடு அவள் உங்களிடம் கிளம்பி வெறுங்காலோடு போன தடம் எங்கள் முற்றத்து மணலில் இன்னும் இருக்கிறது. ஆடு மிதிக்காமல் இருக்க ஒன்பது நாளாகக் கல் வைத்துக் காத்து வருகிறேன், முற்றம் கூட்டவில்லை. வாசல் படலோரம் அவள் நின்று, வீட்டுப் பக்கம் திரும்பி, வெகுநேரம் காத்திருந்திருக்கிறாள். கட்டைவிரல் மணலில் ஆழமாக இறங்கியிருக்கிறது. நான் உள்ளே ஃபிலேமோனைத் திட்டிக்கொண்டிருந்தேன், எழுந்து வரவில்லை. களி ஒருநாளும் சரியாக வரவில்லை மச்சான். சனிக்கிழமை அவளை அனுப்ப வேண்டாம், தப்புக்கு ஈடாக ஒரு வெள்ளாட்டோடு நானே வருகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டு, இதை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.