லேப்டாப்புக்குள் எறும்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கள் மாமியார் சுகம், உங்கள் மனைவி மிகவும் சுகம். சுகமில்லாதது உங்கள் லேப்டாப் ஒன்றுதான். வெளியூர் வேலை முடிந்து வந்து மேசையைப் பார்த்தால், அது இருந்த இடத்தில் இந்தக் கடிதம் இருக்கும். பதறாதீர்கள். முதலில் உட்காருங்கள்.

புதன்கிழமை காலை, முழங்கால் வலிக்கு என்ன பயிற்சி என்று பார்க்க உங்கள் லேப்டாப்பைத் திறந்தேன். "இதன் அருகில் தண்ணீர்கூடக் கூடாது" என்று நீங்கள் ஒட்டியிருக்கும் சீட்டையும் படித்தேன். தண்ணீருக்குத்தானே தடை, காப்பிக்கு இல்லையே என்று நினைத்துவிட்டேன். டம்ளர் அப்படியே கீபோர்டின் மேல் கவிழ்ந்தது. தவறு முழுக்க முழுக்க என்னுடையது. என் மகள் அந்த நேரத்தில் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

திங்கட்கிழமை நீங்கள் காட்ட வேண்டிய ஆஸ்பத்திரிக் கட்டட வரைபடம் அதற்குள்தான் இருக்கிறது என்று அவள் சொன்னதும் லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன், பாதிக் காப்பி சுவரில், மீதி என் சட்டையில், அதற்குள் அவள் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து சூட்டோடு சூடாக ஊத, ஒரு பட்டன் தெறித்து எங்கேயோ போனது, இன்னும் தேடுகிறோம். உங்கள் மாமியார், "ஊதினா ஆகுமா? அரிசிதான் ஈரத்தை இழுக்கும்" என்று லேப்டாப்பை அரிசி டிரம்மில் புதைத்துவிட்டாள். மறுநாள் எடுத்தால் ஈரம் போயிருந்தது, பதிலுக்கு அரிசி புகுந்திருந்தது. ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். மேல் வீட்டுப் பல் டாக்டரைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். அவர் இடுக்கியும் குட்டிக் கண்ணாடியுமாக வந்து, "பயப்படாதீங்க, வலிக்காது" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, ஓட்டைகளில் இருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். போகும்போது, "ரெண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிட வேண்டாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் எறும்பு வந்தது. ஜன்னலிலிருந்து மேசை வரை ஒரே வரிசை. இனி வீட்டு வைத்தியம் உதவாது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இதுல என்ன சமைச்சீங்க?"

"காப்பி கொட்டிடுச்சுங்க."

"காப்பியா, பாகா? எறும்பு குடும்பத்தோட குடியிருக்கு. இந்த வயசுல இவ்வளவு சர்க்கரை ஆகாது சார்."

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். நல்லவேளை, "உள்ள இருக்கிறதெல்லாம் பத்திரமா இருக்கு, கீபோர்டை மட்டும் மாத்தணும்" என்றார். போன உயிர் வந்தது. ஞாயிறு மாலை நீங்கள் போய் வாங்கிக்கொள்ளலாம்.

கோபப்படுவதானால் என்மேல் மட்டும் படுங்கள். நானும் உங்கள் மாமியாரும் எங்கள் பெரிய மகன் வீட்டுக்குப் புறப்படுகிறோம், பயந்து அல்ல. நீங்கள் நீண்ட ஆயுளும் நீர் புகாத லேப்டாப்பும் பெற்று நிறைவாக வாழ வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பி.கு.: என் மகள் மேலே உள்ளதைப் படித்து, "பிரமாதம்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். டாக்ஸி வாசலில் நிற்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். என் காப்பியில் சர்க்கரை போடுவதை டாக்டர் நிறுத்தி வருஷக்கணக்காகிறது. பிறகு எறும்பு ஏன் வந்தது? பழியை நான் ஏற்றுக்கொண்டால், ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் சர்க்கரை போட்ட காப்பி என்று எனக்கும் அவளுக்கும் பேச்சு. நேற்றிரவு கடிதத்தை முடித்தேன். இன்று காலை வந்தது வெறும் கசப்பு. கேட்டால், "அதான் எழுதிட்டீங்களேப்பா, இனிமே உடம்பைப் பாருங்க" என்கிறாள். மாப்பிள்ளை, புதன்கிழமை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது நான்.