தங்கமீன், நிறம்: ஊதா

திருச்சானூர் சாலையிலுள்ள அரசு வண்ணமீன் காட்சியகத்தில் மீன்களுக்கெனத் தனிப் பதிவேடு உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் பெயர், நிறம், ஒட்டிய போட்டோ, அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பு. ஆக, அங்கே நிரந்தரமானவை மீன்கள் மட்டும்தான். ஊழியர்கள் காண்ட்ராக்ட்.

கௌசிகா புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பி.எஸ்சி. முடித்தவள், அதிகம் பேசமாட்டாள். மீன்களைப் படமெடுத்து, நிறம் திருத்தி ஒட்டுவது அவள் வேலை. மார்ச்சோடு காண்ட்ராக்ட் முடிகிறது, நீட்டித்தால்தான் உண்டு.

கோளாறு விளக்கில் இருந்தது. அழகுக்காகத் தொட்டிகளில் நீல விளக்கு போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சுத் தங்கமீன் படத்தில் ஊதாவாக விழும். அவளுக்கு முன்பிருந்தவர் விழுந்ததை விழுந்தபடி ஒட்டிவிட்டுப் போயிருந்தார். கௌசிகா தொட்டிக்குள் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கிப் படமெடுத்து, தட்டு வெள்ளையாகத் தெரியும்வரை கம்ப்யூட்டரில் நீலத்தைக் குறைத்தாள். தங்கமீன் தங்கமீனாக வந்தது.

மேனேஜர் கிரண்குமார் சித்தூர்க்காரர். படத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, ரெஜிஸ்டர்ல என்ன கலர்?"

"ஊதா, சார்."

"கீழ யாரு சைன்?"

"டைரக்டர், சார்."

"டைரக்டர்காரு பாத்து சைன் போட்டாச்சு. அப்புறம் இந்த மீன் எப்படி ஆரஞ்சா இருக்குது?"

கௌசிகா மீனைப் பார்த்தாள். மீன் தன் தரப்பு விளக்கமாக எதையும் சமர்ப்பிக்கவில்லை.

தொட்டி கழுவும் கோவர்த்தனன், தான் தினமும் பார்த்துக்கினுதான் இருப்பதாகவும் அது ஆரஞ்சுதான் என்றும் சொன்னார். நிறம் பற்றிச் சான்றளிக்கும் அதிகாரம் தொட்டி கழுவுபவருக்கு வழங்கப்படவில்லை என்பது அவருக்கு நினைவூட்டப்பட்டது. ஆரஞ்சுப் படம் நிராகரிக்கப்பட்டது.

பிப்ரவரியில் தலைமை அலுவலகச் சுற்றறிக்கை வந்தது. நீட்டிப்பு வேண்டுவோர் தம் பொறுப்பிலுள்ள மீனோடு நிற்கும் படம் அனுப்பவேண்டும். மீன் பதிவேட்டோடு பொருந்தவேண்டும். மேனேஜரும் காண்ட்ராக்ட்தான் என்பது அன்றுதான் கௌசிகாவுக்குத் தெரிந்தது.

கேமராவில் டைமர் வைத்துவிட்டு கௌசிகா, கிரண்குமார், கோவர்த்தனன் மூவரும் தொட்டியை ஒட்டி நின்றார்கள். படத்தில் மீன் பதிவேட்டின்படி ஊதா. மூவரும் நீலம்.

"மூணு நாள் தண்ணில கெடந்தவன் மாதிரி இருக்கேனே" என்றார் கிரண்குமார்.

நீலத்தை எடுத்தால் முகம் சரியாகும், ஆனால் மீனும் ஆரஞ்சாகிவிடும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"மீனைத் தொடாதே, அது ரெக்கார்டு. நம்மள மட்டும் திருத்து. அப்படியே கொஞ்சம் கலர் தூக்கிடு. கல்யாண ஆல்பத்துல பண்றாங்களே, அந்த மாதிரி."

"எனக்கும்மா" என்றார் கோவர்த்தனன். "ஊட்ல மாட்டணும்."

கௌசிகா மீனை விட்டுவிட்டு மனிதர்களை மட்டும் திருத்தினாள். கிரண்குமார் வெண்ணெய் நிறத்துக்கு வந்தார். கோவர்த்தனன் பால்கோவாவில் நின்றார். அவளுடைய முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அறையில் ஆளில்லை என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன்னையும் தூக்கினாள். மூக்கோரத்து மச்சமும் கூடவே போயிற்று.

பத்தாம் நாள் பதில் வந்தது. தெலுங்குக் கடிதத்தைக் கிரண்குமார் நின்றபடியே தமிழில் படித்துக் காட்டினார்:

'படத்திலுள்ள மீன் பதிவேட்டோடு முழுமையாகப் பொருந்துகிறது. அதன் பராமரிப்பு மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது. உடன் நிற்கும் மூவரும் எங்கள் ஆவணங்களிலுள்ள எவரோடும் பொருந்தவில்லை. இவர்கள் யார், அலுவலக நேரத்தில் தொட்டியருகே எப்படி வந்தார்கள் என்று மேனேஜர், போட்டோ உதவியாளர், தொட்டி கழுவுபவர் மூவரும் விளக்கமளிக்கவேண்டும். அதுவரை அவர்களின் நீட்டிப்பு நிறுத்திவைக்கப்படுகிறது.'

"யாருன்னு எழுதறது, சார்?" என்றாள் கௌசிகா.

"திருத்தினோம்னு எழுதினா வேலை போயிடும். யாருன்னு தெரியாதுன்னே எழுதும்மா."

அவள் எழுதினாள். கோவர்த்தனன் படத்தை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

"ஆனா மூணு பேரும் பாக்க நல்ல லட்சணமா இருந்தாங்கன்னு ஒரு வரி சேத்துக்கம்மா."

கௌசிகா அதையும் சேர்த்தாள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.