ஆவுடைத்தாய்க்குப் போட்ட வெளிச்சம்

அன்பு மருமகள் பிரீத்திகாவுக்கு,

திருத்தங்கலில் இருந்து உன் தாய்மாமன் தனுஷ்கோடி வாயார வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். சென்னையில் நீயும் உன் உத்தியோகமும் அதேபோல் இருக்க வேண்டும். போனில் பேசலாமே மாமா என்பாய். போனில் நீ குறுக்கே பேசுகிறாய்; கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

வீட்டுக்கு லைட் போட நீ போன வருஷம் அனுப்பிய பிளானைப் பற்றித்தான் எழுதுகிறேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனாலும் நீ அறைக்கு லைட் போடப் படித்தவள், உன் மாமன் ஆகாசத்துக்கே லைட் போட்டவன். நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தபோது எங்கள் வெடி மேலே போய் விரிந்தால் சாத்தூரில் சேவல் கூவும், ஆலங்குளத்தில் விடிந்துவிட்டதென்று எழுந்து பல் விளக்குவார்கள். ஒன்பதாவதோடு படிப்பை விட்டேன். பத்தாவதும் போயிருந்தால் சூரியனைப் பழுது பார்க்க என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அத்தை கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சமும் குறையும் என்று மதுரை டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் புது வெடி சோதிக்கிற அன்றைக்கெல்லாம் முதலாளி உன் அத்தையைத்தான் பேக்கிங்கிலிருந்து கூப்பிட்டு மைதானத்தில் நிறுத்துவார். வெடி மேலே போகும். "என்ன கலர்?" என்று நான் சத்தம் கொடுப்பேன். "செகப்புல ஆரஞ்சு அடிக்குது, மருந்தப் பாருங்க" என்பாள். அந்தக் கண்ணா போகும்? குறை கண்ணில் இல்லை, வீட்டு வெளிச்சத்தில்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

ஹாலுக்கு மூவாயிரம் கெல்வின் என்று எழுதியிருந்தாய். நம்ம பக்கத்துப் பையனா, எதற்கு அவனுக்கு மூவாயிரம் என்று நானே கோபப்பட்டேன். எலக்ட்ரீசியன் காளிராஜ்தான், அது ஆளில்லை அண்ணாச்சி, மஞ்சள் வெளிச்சம் என்று விளக்கினான். மெதுவான மஞ்சள் எதற்கு என்று, திருவிழாப் பந்தலுக்குக் கட்டுகிற பெரிய லைட்டை வாங்கிக் கொடுத்தேன். "அண்ணாச்சி, வீட்டுக்குள்ள இதப் போட்டா ஆளு வெந்துருவாக" என்றான். "ஏலே, மாட்டுலே" என்றேன். போட்டதும் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் பட்டுச்சேலையோடு ஓடிவந்து, "என்ன விசேசம், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றாள், மழை விட்டிருந்ததால் ஊரிலுள்ள ஈசல் பூராவும் சாம்பாரில் விழுந்தது, தரை டைல்ஸ் பளபளத்ததில் உன் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், வெட்கப்படுகிறாள் என்றே நினைத்தேன், பிறகுதான் கண் கூசுகிறது என்றாள், கழற்றினோம். அடுப்படியில் அலமாரிக்கு அடியில், கைக்கு நேரே சின்ன லைட் வை என்றிருந்தாய். கஞ்சத்தனம் என்று நினைத்து முதுகுக்குப் பின்னால் நீள டியூப் போட்டேன், அவள் நிழலே காய் மேல் விழுந்து விரலை வெட்டிக்கொண்டாள், ஆனால் கத்தி புதுசு, அதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற லைட் என் மண்டையில் மோதியது. மண்டைக்கு ஒன்றுமில்லை, லைட் உடைந்தது.

போன மாதம் நடையில், ஆள் வந்தால் தானே எரிகிற லைட் போட்டேன். ஆள் அசையாமல் நின்றால் தானே அணையும். அத்தை சாமி படத்துக்கு முன்னால் கும்பிட்டு நின்றாள். அணைந்துவிட்டது. அவள் பாட்டுக்கு நின்றாள்.

"ஏ ஆவுடை, கையக் கொஞ்சம் ஆட்டு" என்றேன்.

"சாமி கும்பிடுறப்ப கையை எதுக்கு ஆட்டணும்? உங்களுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா?" என்றாள்.

பக்தி என்றால் அப்படி.

கடைசியில் உன் பிளான்படியே ஹாலில் வெள்ளை, மஞ்சள், அழகுக்கு நீலம் என்று காளிராஜ் மாட்டினான். நான் கம்பெனி முறைப்படி சோதித்தேன். ஜன்னலைச் சாத்தி, அத்தையைச் சுவரைப் பார்க்க உட்கார்த்தி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, "என்ன கலர்?" என்றேன். "வெள்ளை." "மஞ்சள்." "நீலம், கொஞ்சம் மங்கலா இருக்கு, பாருங்க." ஒன்றுகூடத் தப்பவில்லை! தினமும் கேட்கிறேன், தினமும் சரி. டாக்டரிடம் நான் சொன்னதாகச் சொல்.

எங்கள் குலசாமி உனக்கு நீண்ட ஆயுளும் குறையாத கண்ணும் கொடுக்கட்டும். உன் அம்மாவிடம் அண்ணன் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
சி. தனுஷ்கோடி (ஆகாச லைட் போர்மேன், ஓய்வு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். இதை வாசிக்க மாட்டேன். நேற்று உனக்கு வீடியோ அனுப்பலாமென்று மறுபடியும் சோதித்தேன். சத்தம் விழுமென்று காத்தாடியை முன்னமே நிறுத்தியிருந்தேன். சுவிட்சைப் போட்டேன். "மஞ்சள். ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள். போனில் பார்த்தால் கறுப்பாக இருந்தது. நிமிர்ந்தேன். பராமரிப்புக்காகத் தெரு முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். எனக்குத்தான் ஞாபகமில்லை. அடுத்ததைப் போட்டேன். "நீலம்" என்றாள். வெள்ளைக்கு இருப்பது பழைய சுவிட்ச், டக்கென்று விழும், மஞ்சள் டிக்கென்னும், நீலம் கிறீச்சிடும். இத்தனை நாளாய் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், என் மனசு நோகக் கூடாதென்று. நானும் "கரெக்ட்டு புள்ள" என்று சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு வரும்போது வாசலிலேயே, "மாமா, கண்ணு கூசுது" என்று அவள் காதில் விழும்படி சொல். மற்றபடி உன் பிளான்படியே எல்லாம் இருக்கட்டும். விரல் வைத்தால் சத்தமில்லாமல் எரியும் என்று புதுச் சுவிட்ச் எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் அடித்துவிடு.