பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்

"டக். டக். டக்."

சத்தம் கூடத்திலிருந்து வந்தது. சமையலறையில் ரயிலுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்த குமுதவல்லி தலையைக்கூடத் தூக்கவில்லை. 'பீரோ ஆச்சு. அடுத்தது பூஜை அலமாரி. அப்புறம் மாடிப்படிக் கதவு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன வரிசையிலேயே சத்தம் வந்தது, ஒவ்வொன்றுக்கும் மும்மூன்றாக. இருபத்தாறு வருஷத் தாம்பத்தியம் ஒரு பெண்ணுக்கு எதை எதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிடுகிறது!

உலகத்தில் பூட்டுகிறவர்கள் எல்லோரும்தான். நீங்களும் பூட்டுகிறீர்கள், பூட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள். ஆனால் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிறவர் என்று ஒரு ரகம் உண்டு. இவர்களைக் கடவுள் படைத்துவிட்டு, படைத்தோமா இல்லையா என்று சந்தேகப்பட்டு, மூன்று தடவை இழுத்துப் பார்த்து பூமிக்கு அனுப்பியிருக்கிறார்.

குமுதவல்லிக்கு வாய்த்த கஸ்தூரிரங்கன் இந்த ரகத்தின் தலைமகன். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீடு. காலையில் அவர் ஆபீசுக்குப் புறப்படுவதை நீங்கள் பார்க்க வேண்டும். பூட்டுவார், இழுப்பார், கண்ணை மூடிக்கொண்டு, "பூட்டியாச்சு, பூட்டியாச்சு, பூட்டியாச்சு" என்று உதட்டுக்குள் முணுமுணுப்பார், கேட்வரைக்கும் நடப்பார், கேட்டைத் திறந்ததும் உள்ளே ஏதோ ஒன்று அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்கும், திரும்பி வருவார், மறுபடியும் இழுப்பார், பஸ் ஸ்டாப்பில் நிற்பார், பஸ் வரும், பஸ்ஸோடு கூடவே சந்தேகமும் வரும். பஸ் போய்விடும். சந்தேகம் போகாது. வீட்டுக்குள்ளே குமுதவல்லி உட்கார்ந்திருக்கிறாளே, பிறகென்ன பூட்டு என்று கேட்கிறீர்களா? அவளும்தான் கேட்டாள். "நீ உள்ளே இருக்கேன்னு திருடனுக்குத் தெரியுமா?" என்றார்.

இருவரும் சேர்ந்து எங்காவது போனால் கதை இன்னும் மோசம். இந்த இருபத்தாறு வருஷத்தில் பிறத்தியார் கல்யாணம் ஒன்றிலும் குமுதவல்லி தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை. மேளச் சத்தம் ஓய்ந்தபிறகு போய் வெறும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். தன் கல்யாணத்தில் மட்டும் நேரத்துக்கு இருந்தாள். அப்போது தலை குனிந்திருந்தாள். பெண் வசுமதியின் கல்யாணத்திலோ கன்னிகாதானத்துக்கு அப்பாவைக் காணோம் என்று நாலு பேர் தேடிப் போய், சத்திரத்துச் சீர் அறைக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்து வந்தார்கள்.

அந்த வசுமதிக்குத்தான் நாளைக் காலை கும்பகோணத்தில் வளைகாப்பு. "அம்மா, உன் கையாலதான் முதல் வளையல். நீ வரவரைக்கும் யார் கிட்டயும் கையை நீட்ட மாட்டேன்" என்று பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும்! பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தபோது குமுதவல்லிக்குக் கண் கலங்கியது. சாயங்காலம் தாம்பரத்தில் வண்டி. இந்த வண்டியை விட்டால் வளைகாப்பும் போச்சு.

"குமுதா," என்று கஸ்தூரிரங்கன் வாசற்படியில் வந்து நின்றார். "நீ மட்டும் போயிட்டு வா. அந்தப் பெட்டி செவுத்துல இருக்கறவரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு நகர முடியாது."

எந்தப் பெட்டி? அதைச் சொல்லவில்லையே.

போன வருஷம், மின்சார ரயில் கூட்டத்தில் பையோடு வீட்டுச் சாவியும் பறிபோய்விடும் என்ற பயம் கஸ்தூரிரங்கனைப் பிடித்தது. கேம்ப் ரோடு வெல்டிங் பட்டறை லோகநாதனிடம் சொல்லி, விரித்த கையளவில் ஓர் இரும்புப் பெட்டி செய்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரில் சிமெண்டு போட்டுப் பதித்தார். வீட்டின் மாற்றுச் சாவி அதற்குள்ளே. வெளியே திண்டுக்கல் பூட்டு. அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம்.

"அப்போ அந்தப் பெட்டிச் சாவியைப் பிக்பாக்கெட் அடிச்சா?" என்று குமுதவல்லி கேட்டாள்.

"அடிச்சுக்கட்டுமே. அது வீட்டுச் சாவி இல்லையே, பெட்டிச் சாவிதானே!"



பெட்டிச் சாவியைத் திருடன் கண்ணில் படாத இடமாகத் தேடித் தேடி வைத்தார். துளசி மாடத்தடியில் வைத்தார். ரவை டப்பாவுக்குள் வைத்தார். காலண்டருக்குப் பின்னால் வைத்தார். கடைசியில் ஒரு நாள், ஈரேழு உலகத்திலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாத இடம் ஒன்று அவருக்குத் தோன்றியது. அங்கே வைத்தார். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவராலும்தான்.

அதோடு விட்டிருக்கலாம். விதி விடவில்லை. ஆயுத பூஜை வந்தது. சைக்கிளுக்கும் அரிவாள்மணைக்கும் சந்தனம், குங்குமம் வைத்த கஸ்தூரிரங்கன், இதுவும் இரும்புதானே என்று சுவர்ப் பெட்டிக்கும் வைத்தார். ஒரு முழம் கதம்பமும் சாத்தினார். மறுநாள் காலை வழக்கம்போலப் பெட்டிப் பூட்டை மூன்று தடவை இழுத்தார், கண்ணை மூடினார், உதடு அசைந்தது.

எதிரே பூக்கூடையோடு நின்று பார்த்தாள் பச்சையம்மா. செம்பாக்கத்தின் பழைய குடும்பத்துப் பெண்; அந்தத் தெருவுக்கே பூ அவள்தான். சுவர், இரும்புப் பெட்டி, குங்குமம், பூ, எதிரே கண்மூடி முணுமுணுக்கும் பெரிய மனுஷர். வேறு என்ன நினைப்பாள்? நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

அவர் தலை மறைந்ததும் அவளும் போய் மூன்று தடவை இழுத்தாள்.

ஐப்பசிக்குள் தெருவே இழுத்தது. கற்பூரம் ஏற்றினார்கள். பரீட்சைக்குப் போகிற பெண்கள் இழுத்துவிட்டுப் போனார்கள். சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி தனித்தனியாக வந்து இழுத்தார்கள். பார்த்துப் பார்த்துக் கஸ்தூரிரங்கனுக்கு ரத்தம் கொதித்தது. ஊரே இழுத்தால் திண்டுக்கல் பூட்டானாலும் எத்தனை நாள் தாங்கும்? அது திறந்தால் வீட்டுச் சாவி! வீட்டுச் சாவி கிடைத்தால் வீடு! ஆனால் கற்பூரத்தோடு வருகிறவர்களை எப்படி விரட்டுவது? பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பெட்டியைக் காவல் காத்தார்.

"பேத்துடுங்கோ," என்றாள் குமுதவல்லி இன்று. "இப்பவே பேத்துடுங்கோ. வண்டிக்கு நேரம் இருக்கு."

உளியும் சுத்தியலுமாக லோகநாதன் வந்தான். உளியை வைத்து ஒரே ஓர் அடி. சிமெண்டு தெறித்தது. அவ்வளவுதான்.

"டேய் லோகநாதா! கைய எட்றா!" தெருமுனையிலிருந்து பச்சையம்மாவின் குரல் பறந்து வந்தது, பின்னாலேயே அவளும், அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்களும். "இன்னாடா பண்ணிகினு கீற?"

"பொட்டிய பேக்க சொன்னாருக்கா, சாரு."

"சாமிய பேக்க சொன்னா பேத்துடுவியா? நாளைக்கி ஒன் வூட்ட பேக்க சொன்னா?"

லோகநாதன் உளியைக் கீழே வைத்தான். "இது சாமின்னு எனக்குத் தெரியாதுக்கா. நான்தான் வெல்டிங் பண்ணேன். பண்ணும்போது சாமியா இல்ல."

"சாமியும் இல்லை, பூதமும் இல்லை!" என்று கஸ்தூரிரங்கன் கத்தினார். "இது சாவிப் பெட்டி அம்மா! என் சாவி உள்ளே இருக்கு!"

"ஐயரே, எங்களுக்குக் காது குத்தாத. தெனம் மூணு தபா இயுத்துட்டு, கண்ண மூடிகினு மந்திரம் சொல்றியே, நாங்க பாக்கல?"

"அது மந்திரம் இல்லை! பூட்டியாச்சு, பூட்டியாச்சுன்னு சொல்லிப்பேன்!"

"அதான் மந்திரம்!" என்றாள் பச்சையம்மா வெற்றியோடு. "நாங்களும் அதத்தான் சொல்லிகினு கீறோம். மாமி, நீயே கேளு. எம் மாமியாருக்கு வாய் ஓயணும்னு வேண்டிகினு இயுத்தேன். மறாநாளே தொண்ட கட்டிகிச்சு. நாலு நாளு சத்தமே வரல. ஆறு மாசமா இந்தத் தெருவுல ஒரு திருட்டு கீதா? சொல்லு!"

தூரத்தில் தாம்பரம் பக்கம் ஏதோ ஒரு வண்டி கூவியது. நம்முடைய வண்டி இல்லை, சரக்கு வண்டி. ஆனாலும் அதைக் கேட்ட குமுதவல்லி படி இறங்கி வந்து பச்சையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சையம்மா, என் பொண்ணுக்கு நாளைக்கு வளைகாப்பு. இந்தப் பெட்டி இங்கே இருந்தா இவர் வர மாட்டார். இவரை இப்படி விட்டுட்டுப் போய் வளையல் போட்டா என் மனசு ஆறாது. நீயே எடுத்துண்டு போய் உன் வீட்டு வாசல்ல வெச்சுக்கோ. எங்களை விட நன்னாப் பார்த்துப்பே."

பச்சையம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. "புள்ளத்தாச்சி பொண்ணா? மொதல்லயே சொல்லக் கூடாதா மாமி? ஆனா சாமிய பேக்கறதுன்னா மொறையா பேக்கணும்."

முறை என்றால் எலுமிச்சம்பழம் வர வேண்டும், கற்பூரம் வர வேண்டும், பெட்டியிடம் உத்தரவு கேட்க வேண்டும். பெட்டி உத்தரவு கொடுக்க நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் சுவர்ப் பல்லி கௌளி சொன்னது; உத்தரவு கிடைத்துவிட்டது. லோகநாதன் உளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடித்தான். பெட்டி சுவரை விட்டுக் கழன்று அவன் கையில் விழுந்தது.

"எடுத்துண்டு போகச் சொன்னா எப்படி?" என்று கஸ்தூரிரங்கன் அலறினார். "உள்ளே வீட்டுச் சாவி இருக்கே!"

"பட்டறைக்கு எட்த்துனு போயி காஸ்ல அறுத்துடட்டா சார்?" என்றான் லோகநாதன்.

"சாமிய அறுப்பியா நீ?" என்றாள் பச்சையம்மா.

யாரும் நகரவில்லை. நேரம் மட்டும் நகர்ந்தது. குமுதவல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்தூரிரங்கன் பெட்டியைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில் அவருடைய கை என்ன செய்யும்? தானாக நீண்டது. பூட்டைப் பிடித்தது. ஒரு தடவை இழுத்தார். இரண்டாம் தடவை இழுத்தார்.

மூன்றாவது இழுப்பில் பூட்டு கையோடு வந்துவிட்டது.

ஆறு மாதம் ஊரே இழுத்து நைந்த பூட்டு, உளி அடியையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் தன் எஜமானரின் கையிலேயே உயிரை விட்டது. மூடி திறந்தது. உள்ளே இரண்டு சாவிகள். ஒன்று வீட்டுச் சாவி. இன்னொன்று சின்னது. பெட்டிச் சாவி.

அந்தச் சின்னச் சாவியை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஈரேழு உலகத்திலும் பத்திரமான இடம் எது? அவருக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். உள்ளே போட்டு, மூடி, அழுத்தி, பூட்டி, மூன்று தடவை இழுத்தும் பார்த்திருக்கிறார்.

குமுதவல்லி உள்ளே போய் வளையல் பெட்டியையும் புளியோதரைப் பையையும் எடுத்து வந்தாள்.

பச்சையம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் பாக்கல. சாவிய எட்த்துக்கோ ஐயரே." அவர் எடுத்துக்கொண்டதும் மூடியைத் தடவிப் பார்த்துச் சாத்தி, மஞ்சள் கயிற்றால் குறுக்கே கட்டினாள். பெட்டி பூக்கூடைக்குள் ஏறியது. "மாமி, வளகாப்புக்கு இத எட்த்துனு போ" என்று ஒரு பந்து மல்லிகையைக் கையில் திணித்துவிட்டு, கற்பூரத்தோடும் கூட்டத்தோடும் புறப்பட்டுப் போனாள்.

குமுதவல்லி கதவைச் சாத்தினாள். அவளே பூட்டினாள். வீட்டுச் சாவி, மாற்றுச் சாவி இரண்டையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏன்னா, இதுல கை வெச்சேளோ, நாம போய்ச் சேரதுக்குள்ள உங்க பேரனுக்குப் பூணூல் போட்டுடுவா."

கஸ்தூரிரங்கன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நடந்தார். தெருமுனையில் கால் ஒரு நிமிஷம் நின்றது. குமுதவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஓடி வந்து சேர்ந்துகொண்டார். வண்டி கிடைத்தது.

மறுநாள் கும்பகோணத்தில் வசுமதியின் கையில் முதல் வளையலை அம்மா போட்டாள். அம்மாவும் அழுதாள், பெண்ணும் அழுதாள், போட்டோ எடுத்தவரும் மூக்கை உறிஞ்சினார். அந்தப் போட்டோவில் அப்பா இல்லை. மாடியில், ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை வைத்திருந்த அறைக் கதவைப் பார்த்துவிட்டு வரப் போயிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, விழுந்ததா என்று வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தது யார்? பாதி மாடிப்படியில் நின்று, காஸை மூடினோமா என்று மேலே ஏறிப் போனது யார்? அலாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு, கொடுத்தோமா என்று இன்னொரு சுற்றுச் சுற்றி ஸ்பிரிங்கை அறுத்தது யார்? நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

வந்த இடத்தில் ரொம்ப நேரம் பேசிவிட்டேன். நான் கிளம்புகிறேன். எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். சாத்தியாயிற்றா? நல்லது. இனி தாழ்ப்பாளிலிருந்து அந்தக் கையை எடுங்கள்.