பெரியப்பாவின் நுரையீரல்

மனிதர்களில் பரம்பரைக்காரர் என்றொரு இனம் உண்டு. அதற்குச் சொத்துபத்து வேண்டியதில்லை. தொண்ணூற்றிரண்டு வயதுவரை சிகரெட் ஊதித் தள்ளிவிட்டு, வயதாகித்தான் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெரியப்பா இருந்தால் போதும்.

நம்மவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் புலி. வருடாவருடம் கம்பிவடத்தைச் சோதிக்காமல் லிஃப்டை ஓடவிடமாட்டார். இருபது வருஷமாக அறுந்ததில்லையே என்று எந்தக் குடியிருப்புச் செயலாளராவது இழுத்தால், அறுந்த பிறகு சோதிக்கலாமா என்று பிடிபிடியென்று பிடித்துவிடுவார். அதே மனிதர் வீட்டுக்கு வந்து, பால்கனியில் பற்றவைத்து, இருமி, கண்ணில் நீர் வழிய, எங்கள் வம்சத்தில் யாருக்கும் நுரையீரலில் ஒன்றும் வந்ததில்லை என்பார். நாற்பத்தெட்டு வயதில் இருமியே போன தாய்மாமன்? அவர் அம்மா வழியாம், கணக்கில் சேரமாட்டாராம்!

புகையை விடச் சொல்லி நச்சரிக்கும் மனைவியின் வாயை அடைக்கத்தான் மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் துப்பிக் கொடுத்தார். டாக்டர் அறிக்கையைப் பார்த்து நிதானமாக விளக்கினார்: பிறவியிலேயே வந்த சில மரபணு மாற்றங்களால் இவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் அது தலையெழுத்து இல்லை, புகைதான் அதைப் பல மடங்காக்குகிறது, இப்போது நிறுத்தினாலும் குறையும்.

நம்மவர் ஒரு நாள் முழுக்க இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மாலை பால்கனியில் புதுத் தத்துவம் பிறந்தது.

"எல்லாம் ஜீன்லயே எழுதியிருக்கு. இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது?"

நல்ல ஜீன் என்றால் பயமில்லை, பிடிக்கலாம். கெட்ட ஜீன் என்றால் பயனில்லை, பிடிக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் தீப்பெட்டி கையிலேயே இருக்கிறது, பார்த்தீர்களா?

கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த மகள், புகை தாங்காமல் இருமிவிட்டுச் சொன்னாள்.

"உங்க ஜீன்ல பாதி எங்கிட்ட இருக்குப்பா. அதை நான் திருப்பித் தர முடியாது. இந்தப் புகையையாவது கொடுக்காம இருங்க."

பெரியப்பாவைத் துணைக்கு அழைக்க வாய் திறந்தார். பெரியப்பா வரவில்லை. சிகரெட்டை நசுக்கிப் போட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பெட்டி மட்டும் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் புகைப்பழக்கம் கிடையாது, சந்தோஷம். ஆனால் போன மாதம் டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை நான்காக மடித்து அலமாரியில் செருகிவிட்டு, எங்கள் வீட்டில் யாருக்குமே சர்க்கரை கிடையாது என்று சொன்னது யார்?