தென்னேரிச் சம்பந்திக்கு, லேப்டாப் விஷயமாக

உத்திரமேரூர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி முருகேசன் அவர்களுக்கு, பச்சமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாள் தாயாரம்மாளும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லேப்டாப்பும் சௌக்கியம் என்று நேற்று தாங்களே போனில் சொன்னீர்கள். இங்கே நானும் என் வீட்டுக்காரி புஷ்பாவும் இருக்கிறோம். உங்கள் மருமகள் ஜீவாவுக்கு வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. மற்றபடி ஏதோ சாப்பிடுகிறாள். போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். அதனால்தான் கடிதம்.

நான் முப்பது வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன். எது உழைக்கும், எது புகைந்து போகும் என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. கல்யாணமான இரண்டாம் மாதம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் சொந்தமாக லேப்டாப் வேண்டும் என்று ஜீவாவின் கம்பெனியில் சொன்னபோது, அந்தத் திமிரோடுதான் புஷ்பாவையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். "நல்லா ஸ்டைலா பாத்து எடுங்க சம்பந்தி, நாலு பேரு வந்து போற வூடு" என்று நீங்கள் போனில் சொல்லி அனுப்பினீர்கள். நான் ஸ்டைல் பார்க்கவில்லை. மன்னிக்கவும். மூன்று கடைகளில் பளபளவென்று அப்பளம் மாதிரி ஒன்றை நீட்டினார்கள். நான்காவது கடையில் ஷப்ரீன் என்று ஒரு பெண். "சூடு எந்தப் பக்கமா வெளிய போவுதும்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "காலைலேர்ந்து வந்தவங்க எல்லாம் கலரு கேட்டாங்க சார். நீங்க ஒருத்தர்தான் சூட்டைக் கேக்குறீங்க. மெல்லிசா கீறதுல எல்லாத்தையும் உள்ளயே பத்த வெச்சிடுறாங்க, பின்னால ஒண்ணும் மாத்த முடியாது. இது கொஞ்சம் கனம். ஆனா அடிமூடிய கழட்டலாம், பேட்டரி மாத்தலாம், மெமரி ஏத்தலாம். சர்வீஸும் இந்த ஊர்லயே கீது. ஒரே ஆளு பக்குவமா வெச்சிக்கினா அஞ்சாறு வருஷம் ஓடும்" என்றாள்.

அப்படியும் நான் உடனே வாங்கவில்லை. ஊர் திரும்பி, யோசித்து, மறுநாளும் போனேன். மூடியை அறுபது தடவை திறந்து மூடினேன், கீல் ஆடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது புஷ்பா, "மாப்பிள்ளைய பாக்கப் போனப்ப கேசரி துன்னுட்டு அர மணி நேரத்துல எழுந்து வந்துட்ட. இதுக்கு இன்னா, ரெண்டு நாளு?" என்றாள். நான் சிரித்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூடச் சிரித்தார்.

அந்த லேப்டாப்பை உங்கள் வீட்டில் எப்படி வைத்திருந்தீர்கள் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, சம்பந்தி. எல்லாம் கண்ணால் பார்த்ததுதான். தாங்கள் அதன் திரையை ஒற்றைக் கையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், வாஸ்து வீடியோவைத் தெருவுக்கே காட்டினீர்கள். சம்பந்தியம்மாள் அதன் மேல் ரசச் சட்டியை இறக்கி வைத்தார்கள். வட்டமாகத் தழும்பு விழுந்ததே தவிர, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கும் வரைக்கும் பொழுது போக வேண்டுமே, தலையணை மேல் வைத்துத் துப்பாக்கி விளையாட்டு விளையாடினார். ஜீவாவுக்கு வேலை காலை ஏழிலிருந்து நாலு வரை. அவர் எழுந்ததும் கேட்பார், இவள் கொடுத்துவிடுவாள். "கொஞ்ச நேரம் குடுத்தா இன்னா, பொண்டாட்டிதானே?" என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். கம்பெனிக்காரன் மூன்று தடவை எச்சரித்தான். நாலாவது தடவை, வேலை நடுவிலேயே லேப்டாப் அணைந்துபோனது. அவள் வேலையும் அதோடு போனது.

அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டு, நான் ஸ்குரூ டிரைவரோடு ஓடி வந்தேனே, ஞாபகம் இருக்கும். அடிமூடியைக் கழற்றினேன். விசிறி முழுக்கத் தலையணைப் பஞ்சு. இடுக்கியால் எடுத்து, ஊதி, மூடினேன், ஜம்மென்று ஓடியது. "பாத்தீங்களா, இன்னா மாதிரி பொருளு!" என்று உங்களிடமே பீற்றிக்கொண்டேன். நீங்களும் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். ஜீவா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பஞ்சு எங்கேயிருந்து வந்தது என்று விளக்கு பிடித்துப் பார்த்த மடையன், பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வேறு வேலைக்கு எழுதிப் போட அவள் அதைத் திறந்திருக்கிறாள். மாப்பிள்ளை பிடுங்கியிருக்கிறார். இவள் விடவில்லை. கீல் தாங்கியது, மணிக்கட்டு தாங்கவில்லை. வீங்கிய கையோடு தனியாக பஸ் ஏறி வந்து இறங்கினாள். "இன்னா ஆச்சி கண்ணு?" என்று புஷ்பா கேட்டதற்கு, "விழுந்துட்டேம்மா" என்றாள். எட்டு நாள் அதையே சொன்னாள். நேற்று உங்கள் போன் வந்த பிறகு மறுபடி கேட்டபோதுதான் அவள் நடந்ததைச் சொன்னாள். "கீழ வுழுந்திச்சி சம்பந்தி, ஆனா பொருளுக்கு ஒண்ணும் ஆவல, நீங்க பேஜாராவாதீங்க" என்று ஆறுதல் சொன்னீர்களே, அந்த நல்ல மனசுக்கு நன்றி.

எது எப்படியிருந்தாலும் நான் பெண்ணைப் பெற்றவன். நாலு பேர் வாயில் விழ முடியாது. கட்டுப் பிரித்ததும், வருகிற வெள்ளிக்கிழமை ஜீவாவை நானே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். மாப்பிள்ளையிடம் அவள் மன்னிப்புக் கேட்பாள். வேறு வேலை கிடைத்தால், ஏழிலிருந்து நாலு மணி வரைக்கும் மட்டும் லேப்டாப்பை அவளிடம் விட்டுவைக்கும்படி, தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள சம்பந்தி,
பச்சமுத்து.

பி.கு.: மேலே உள்ளதை மடித்து ஒட்டுவதற்கு முன்னால் ஜீவாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டாள். "நல்லா எழுதிக்கீற நைனா. நான் அங்க போறேன்னு உங்கிட்ட எப்ப சொன்னேன்? நீ என்னை ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள். நான் கேட்கவில்லை. ஆகவே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்பதையும், மன்னிப்பு என்பதையும், காலைத் தொட்டு என்பதையும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று காலையே புஷ்பா எனக்குச் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய், புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாளாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தாங்களும் மாப்பிள்ளையும் அங்கே வர வேண்டுமாம். லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்து வரச் சொன்னார்கள். வீட்டிலேயே நாஷ்டா முடித்துக்கொண்டு வரவும். எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.